பழைய கணினியும் அறிந்தவர் கடமையும்

களவு நேர்ந்த வீட்டிற்கு ஆறுதல் கூற வருவோர் முதலிற் கேட்கும் கேள்வி, "கதவைத் தாழிட்டீர்களா?" என்பதேயாம். கள்வனைப் பற்றிய பேச்சு அதன் பிறகுதான் வரும். பொருளை இழந்து நிற்பவனே குற்றக் கூண்டில் ஏறி விடை சொல்ல வேண்டிய வழக்கம் நம்மவரிடை நெடுங்காலமாக உள்ளது. இவ்வழக்கம் கணினி விஷயத்திலும் புகுந்துவிட்டது. வீட்டில் இருந்த பழைய கணினியில் வைத்திருந்த படங்களும் கணக்குகளும் அழிந்தன என்று ஒருவர் முறையிட்டால், "இக்காலத்தில் அந்தப் பழைய விண்டோஸை யாராவது வைத்திருப்பார்களா?" என்று நகைப்போரே மிகுதி. நகைப்பவர் பெரும்பாலும் புதியது வாங்க வசதியுள்ளவர் என்பதையும் யாம் கவனித்திருக்கின்றோம்.

ஆகவே, இல்லங்களில் வழங்கிய பழைய இயங்குதளங்களின் பாதுகாப்புக் குறைகளைச் சற்று விரிவாக ஆராய்ந்து, அவற்றிற்குப் பொறுப்பாளி யார், எந்த அளவிற்குப் பொறுப்பாளி என்னும் நியாயத்தை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். கணினியின் உள்ளிருந்து ஏனைய நிரல்களையெல்லாம் ஏவி நடத்தும் தலைமை நிரலே இயங்குதளம் என்பது. யாம் பொறியியல் கற்றவரல்லோம்; தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியே. ஆயினும் இக்குறைகளுள் முக்கியமானவற்றை விளங்கிக்கொள்ள, ஒரு ஸ்டோர் அறையின் சாவியைப் பொறுப்பில் வைத்திருக்கும் அனுபவமே போதுமானது.

இக்குறைகள் எங்ஙனம் தோன்றின? 1981இல் ஐ.பி.எம். கணினியோடு வெளிவந்த டாஸ் என்னும் இயங்குதளத்தில் கடவுச்சொல் இல்லை. உடையவன், அயலான் என்ற பாகுபாடும் இல்லை. மேசைமீது ஒரு பெட்டி, அதன் முன் ஒருவன் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட பொருள் அது. பலர் ஒரே பொறியைப் பங்கிட்டுக்கொண்ட பெரிய கூடங்களில் நிலைமை வேறு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் தளத்தில், அவரவர் கோப்பு அவரவர்க்கு, முழு அதிகாரம் மேலாளர் ஒருவருக்கே என்னும் ஏற்பாடு தொடக்க காலத்திலேயே அமைந்துவிட்டது. கூட்டுக் குடித்தனத்தில் ஆளுக்கொரு பெட்டியும் பூட்டும் இருக்கும். காட்டிடைத் தனிக் குடிசையில் எவன் பூட்டுப் போடுவான்? ஆதலின், டாஸைச் செய்தவர்மீது இதுபற்றிக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. அக்காலத்துப் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு வெளியுலகத்தோடு தொடர்பே இல்லை.

ஆனால், அக்குடிசையின் வாசல் வரை பின்னர் நெடுஞ்சாலை போடப்பட்டது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவர் பில் கேட்ஸ் 1995 மே மாதத்தில் தம் அதிகாரிகளுக்கு எழுதிய அறிக்கையில், இணையத்தின் வருகையைப் பேரலைக்கு ஒப்பிட்டு எச்சரித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் விண்டோஸ் 95 கடைக்கு வந்தது. இலட்சோப லட்சம் வீடுகளை இணையத்தோடு பிணைத்த அத்தளம், உள்ளுக்குள் டாஸின் வழிவந்ததாகவே இருந்தது. திறந்தவுடன் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் அறியாதவன் 'எஸ்கேப்' என்னும் விசையை அழுத்தினால் நேரே உள்ளே போகலாம்! அக்கடவுச்சொல் வீட்டைக் காப்பதற்கென வைக்கப்பட்டதன்று. பயன்படுத்துவோர் ஒவ்வொருவருடைய விருப்ப அமைவுகளையும் வலையமைப்பில் அவர்கள் வழங்கும் பெயரையும் பிரித்தறிவதற்காக வைக்கப்பட்டது. இல்லத்தார்க்கு இந்நுட்பம் எங்ஙனம் தெரியும்? அவர்கள் அதனைப் பூட்டென்றே நம்பினர். பூட்டே இல்லாத பெட்டியில் எவரும் நகையை வைக்கமாட்டார். பூட்டுப்போல் தோன்றும் பொம்மையுள்ள பெட்டியிலோ நம்பிக்கையோடு வைப்பர். இரண்டாவது பெட்டியைச் செய்து விற்றவனுடைய பொறுப்பே பெரிது என்பது எமது அபிப்பிராயம்.

அக்கம்பெனியார்க்குப் பூட்டுச் செய்யத் தெரியாது என்றும் கூறவியலாது. 1993 முதல் விண்டோஸ் என்.டி. என்னும் வேறொரு தளத்தை ஆபீசுகளுக்கு விற்றுவந்தனர். அதில் உடைமைப் பாகுபாடும் அதிகார வரம்பும் இருந்தன. 1998இல் தைவான் மாணவன் ஒருவன் எழுதிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் 1999 ஏப்ரல் 26ஆம் நாள் ஆசிய நாடுகள் பலவற்றில் கணினிகளைப் பாழ்படுத்தியது. வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில பொறிகளில் தாய்ப்பலகையின் ஆதார நிரலையும் மேலெழுதிப் பொறியையே எழவொட்டாமற் செய்தது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் எந்தச் சிறு நிரலும் பொறியின் கருவறை வரை செல்லக்கூடுமாதலின் அது அங்கே வென்றது, என்.டி. தளத்தில் அதனால் இயங்க முடியவில்லை. ஆபீசுக்குப் பூட்டு, வீட்டிற்குத் திறந்த கதவு! இதற்கும் ஒரு சமாதானம் உண்டு; அதனையும் சொல்லிவிடுதல் நேர்மை. என்.டி. தளத்திற்கு அதிக நினைவகம் வேண்டும். பழைய விளையாட்டுகள் பல அதில் ஓடா. வீட்டார் விரும்பியதும் மலிவும் விளையாட்டுமே. ஆனால், மலிவோடு எதனை விட்டுக்கொடுக்கின்றோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதில்லை.

இனி, எம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்த குறையொன்றைக் கூறுவோம். விண்டோஸ் 95, 98, மில்லேனியம் ஆகியவற்றில் ஒருவர் தம் கோப்புறையைப் பிறரோடு பகிர்ந்து அதற்குக் கடவுச்சொல்லும் வைக்கலாம். வருகிற கணினி கடவுச்சொல்லை அனுப்பும்போது, அஃது எத்தனை எழுத்து நீளம் என்பதையும் தானே அறிவிக்கும். காவல் நிற்கும் கணினி அந்த நீளத்தை நம்பி, அத்தனை எழுத்தை மட்டுமே ஒத்துப் பார்த்தது. வருபவன் "எனது கடவுச்சொல் ஓரெழுத்து" என்றால் முதல் எழுத்து ஒன்று சரியாயிருந்தாலே கதவு திறக்கும்! பல எழுத்தில் அரிய சொல்லைத் தேர்ந்துவைத்தவனும், 'அ' என்று வைத்தவனும் ஒரே நிலையினராயினர். கள்வன் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாற் போதும்.

இக்குறை வெளிப்பட்டு, 2000 அக்டோபரில் அதற்குரிய ஒட்டு வெளியிடப்பட்டது. ஆங்கிலத்தில் பேட்ச் என்பதை ஈண்டு ஒட்டு என்கின்றோம்; கிழிந்த துணிக்கு இடும் ஒட்டுப்போலவே நிரலின் ஓட்டைக்கு இடுவதாதலின். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2002 செப்டம்பர் இறுதியில், ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து, ஓப்பாசெர்வ் என்னும் புழு இதே ஓட்டை வழியாக வீடுவீடாகப் புகுந்தது. ஒட்டு கம்பெனியின் தளத்தில் இருந்தது, வீட்டிற்கு வந்துசேரவில்லை. தொலைபேசிக் கம்பி வழியே நிமிடக் கணக்கில் காசு கொடுத்து இணையத்தைத் தொட்ட காலம் அது. இப்படியோர் ஓட்டை உண்டென்பதே தெரியாதவன் அதற்குரிய ஒட்டைத் தேடி எங்கே போவான்? "யாம் வெளியிட்டுவிட்டோம்" என்று செய்தவர் கூறுவது, ஆற்றுப் பாலத்தின் பலகை இற்றுப்போனதைத் தலைநகரத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்து, "அறிவிப்புக் கொடுத்தாயிற்று" என்பதை ஒக்கும். அறிந்தவன் வாயைத் திறந்தான் என்பதனாலே அவன் கடமை தீர்ந்துவிடாது. செய்தி உரியவன் காதில் விழுந்ததா என்பதும் அவன் கவலையே.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. என்.டி.யின் பூட்டுகளெல்லாம் அதில் உண்டு. ஆயினும் வீட்டில் அதனை நிறுவும்பொழுது உண்டாகும் கணக்குகள் அனைத்தும் முழு அதிகாரம் படைத்தனவாகவே அமைந்தன, கடவுச்சொல்லும் கட்டாயமில்லை. மண்வெட்டி எடுத்துவர அனுப்பிய பையனிடம் ஆபீஸ் பணப்பெட்டியின் சாவி உட்படக் கொத்து முழுவதையும் கொடுத்தனுப்பும் ஸ்டோர்க்காரரை எந்தத் துரையும் ஒரு நாள்கூட வேலையில் வைத்திரார். எக்ஸ்பியிலோ ஒரு சிறு விளையாட்டு நிரலும் அக்கொத்தோடுதான் உலவியது. தீச்சுவர் எனப்படும் காவலும் அதில் இருந்தது. ஆனால் இயக்கப்படாமலே விற்கப்பட்டது. 2003 ஆகஸ்ட் 11இல் பிளாஸ்டர் என்னும் புழு பரவியபோது அதற்குரிய ஒட்டு வெளிவந்து ஒரு மாதங்கூட நிறையவில்லை. அதனால் பீடிக்கப்பட்ட கணினி அறுபது விநாடியில் தானே நின்றுபோகும். ஒட்டை எடுக்க வேண்டுமாயின் இணையத்தில் நுழைய வேண்டும். நுழைந்தாலோ புழு பற்றும். மருந்துக்கடைக்குப் போகும் வழியிலேயே நோய் காத்திருந்தது! 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தொகுப்பில்தான் தீச்சுவர் இயல்பாகவே இயங்குமாறு செய்யப்பட்டது. இனிப் பாதுகாப்பே முதன்மை என்று பில் கேட்ஸ் தம் ஊழியர்க்கு அறிவித்தது 2002 ஜனவரியில். பேரலை வருகின்றதென்று எச்சரித்த அறிக்கைக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஏழாண்டு.

நிற்க. செய்து விற்றோரின் கட்சியையும் கேட்டாக வேண்டும். "தச்சன் ஒரு மேசை செய்து விற்றான். இருபது ஆண்டு கழித்து அது ஆடுகிறதென்று அவனை அழைத்துக் கூலியின்றிப் பழுதுபார்க்கச் சொல்வீர்களா? எங்களை மட்டும் ஏன் வற்புறுத்துகின்றீர்கள்?" என்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தில் ஒரு பிழை ஒளிந்துள்ளது. மேசை ஆடுவது தேய்வினால். கரையானும் ஈரமும் வாங்கியவன் வீட்டிற் செய்த வேலையினால். நிரல் தேய்வதில்லை, அதனைக் கரையான் அரிப்பதில்லை. 2000இல் கண்ட ஓட்டை 1995இல் விற்ற அன்றே இருந்தது. பின்னர் மாறியது அறிவு மட்டுமே. மேலும், தச்சன் வராவிடில் வேறொரு தச்சனை அழைக்கலாம், நாமே ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாம். இங்கோ மூல நிரல் மறைத்து வைக்கப்பட்டுள்ளது. பிரித்துப் பார்ப்பதையும் உரிம ஒப்பந்தம் தடுக்கின்றது. "நானும் பழுதுபாரேன், பிறரையும் பார்க்க விடேன்" என்பவன் தச்சனை உவமை காட்டுதல் பொருந்தாது.

ஆயினும் எக்காலமும் பழுதுபார்க்க வேண்டுமென்று யாம் வாதிக்க வரவில்லை. சில வீடுகளில் ஒட்டுப்போட இடமே இராது, அடித்தளமே பிசகியிருக்கும். 2006 ஜூனில் விண்டோஸ் 98இன் ஓர் ஓட்டையைப் பற்றி, அதனை அடைக்கத் தளத்தின் பெரும்பகுதியையே மாற்றிக் கட்ட வேண்டியிருத்தலின் இயலாது என்று மைக்ரோசாப்ட் வெளிப்படையாக அறிவித்து, தீச்சுவருக்குப் பின்னே வைத்துக்கொள்ளுமாறு புத்தி கூறியது. அடுத்த மாதம் 11ஆம் நாளோடு அத்தளத்திற்கு ஆதரவும் முடிந்தது. "இனி இயலாது, இவ்வாறு காத்துக்கொள்க" என்று சொல்லும் இதனை யாம் குறைகூற மாட்டோம். இயலாமையை ஒளியாமற் கூறுவதும் கடமையை நிறைவேற்றும் ஒரு வகையேயாம்.

இயலும், ஆனால் தரமாட்டோம் என்ற நிலைமைதான் வேறு. எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாள் முடிந்தது, பொதுமக்களுக்கு. பணமுள்ளவர்க்கு முடியவில்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் ஏறத்தாழ 55 லட்சம் பவுன் கொடுத்து ஓராண்டுக்கு ஒட்டுகளைத் தொடர்ந்து பெற்றது. ஓட்டை ஒன்றே, ஒட்டும் ஆயத்தமாக உள்ளது, அரசாங்கத்து எக்ஸ்பிக்கு அது கிடைக்கும், ஏழை வீட்டு எக்ஸ்பிக்குக் கிடைக்காது. இதன் விளைவு 2017இல் உலகறிய வெளிப்பட்டது.

அவ்வாண்டு மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் புழு ஓரிரு நாளில் 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவைத்து, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் மூன்றிலொரு பங்கு மருத்துவமனை நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் 19,000க்கு மேற்பட்ட சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கையாளர் மதிப்பிட்டனர். அப்புழு நுழைந்த ஓட்டையை அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை முன்னரே கண்டு, உளவுக்குப் பயன்படுமென மறைத்து வைத்திருந்தது. அங்கிருந்து அது களவுபோனதே இத்தனைக்கும் காரணம் என்று மைக்ரோசாப்டின் தலைவர் பிராட் ஸ்மித் பகிரங்கமாகவே குறைகூறினார். குடிகளைக் காப்பதற்கென்று ஏற்பட்ட ஓர் இலாகா, குடிகளின் கதவு பூட்டவில்லையென்று கண்டும், தான் எட்டிப் பார்க்க உதவுமென்று வாளாவிருந்தது. இச்செயலை எந்த அறநூல் கொண்டு அளந்தாலும் அது தேறாது.

குறைகூறிய கம்பெனியின் கையும் முழுத் தூய்மையுடையதன்று. ஆதரவிலிருந்த தளங்களுக்கு மார்ச் 14ஆம் நாளே ஒட்டு வந்துவிட்டது. எக்ஸ்பிக்கான ஒட்டோ தனிக் கட்டணம் செலுத்தியோர்க்கே உரியதாக இருந்தது. புழு பரவி உலகம் கூக்குரலிட்ட பின்னரே அனைவர்க்கும் திறந்துவிடப்பட்டது. அவ்வாறு திறந்துவிட்டது நற்செயலே, மறுப்பாரில்லை. செய்ய முடிந்ததை முன்னரே ஏன் செய்யவில்லை என்பதுதான் வினா.

இவ்விடத்து எமது வாதத்திற்கே மாறான உண்மையொன்றையும் மறைத்தல் தகாது. பின்னர்க் கணக்கெடுத்தவர்கள் கண்டபடி, அப்புழுவுக்கு இரையானவற்றுள் மிகப் பெரும்பான்மை எக்ஸ்பி அல்ல. அன்று ஆதரவிலேயே இருந்த விண்டோஸ் 7. இரண்டு மாதமாக வாசலில் கிடந்த ஒட்டை எடுத்துப் போடாத கணினிகள் அவை. மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கையும் முன்னரே போயிருந்தது. எச்சரிக்கை பெற்று, பணியாட்களும் பணமும் உடைய ஸ்தாபனங்கள் சும்மாயிருந்தது, செய்து விற்றவன் சும்மாயிருப்பதினும் இலேசான குற்றமன்று. அறிந்தவன் எவனோ, செய்யும் ஆற்றல் உடையவன் எவனோ, அவன்மேலேயே பாரம் ஏறுகின்றது. அவன் விற்றவனாயினும் வாங்கியவனாயினும் ஒன்றே.

அங்ஙனமாயின் அறிந்துகொண்ட இல்லத்தான்மேலும் அஃது ஏறுமன்றோ? ஏறும். "என் கணினி, என் பொருள், கெட்டால் எனக்குத்தானே நஷ்டம்?" என்று சொல்லுவது வழக்கம். ஒட்டுப்போடாத கணினியில் குடியேறும் புழு அங்கேயே அடங்கிக் கிடப்பதில்லை; அதனைப் படியாக வைத்து அடுத்த வீட்டிற்கு ஏறுகின்றது. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் புழு, சட்டைப்பையில் திரியும் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. செருகியவுடன் எதனையும் தானே ஓடவிடும் பழைய விண்டோஸின் தாராள குணமே அதற்குத் துணை. நிழற்பட நகல் எடுக்கப் பட்டணத்துக் கடைக்குச் சென்று வந்த பென்டிரைவ் ஒன்று ஒரு லயத்துக் கணினிகள் அனைத்திற்கும் நோய் கொண்டுவரக்கூடும். வாளியில் தண்ணீர் தேக்கிக் கொசு வளர்ப்பவனுக்குக் கொசு கடிக்கும் என்பது மெய். அவனை மட்டுமே கடிக்கும் என்பது பொய். ஆனால் அவனுக்கு அதனைச் சொன்னவர் யார், எம்மொழியில் சொன்னார் என்பதையும் கேட்டே தீர்ப்பளிக்க வேண்டும். கணினியின் எச்சரிக்கைப் பெட்டியில் வரும் ஆங்கிலம், ஆங்கிலப் பள்ளியில் கற்ற எமக்கே சில வேளைகளில் இருமுறை படிக்க வேண்டியதாக உள்ளது.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் இயலாது. விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. அடுத்த தளமாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிகளும் இல்லாத பொறிகளை ஏற்பதில்லை. நன்றாய் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் அனாதையாயின. இல்லத்தாருக்கும் ஓராண்டு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை, அறிவிக்கப்பட்டது. அதற்கு விலை 30 டாலர்; அல்லது தம் அமைவுகளைக் கம்பெனியின் சேமிப்பிடத்தில் வைக்க இசைய வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கத்தார் இதனை எதிர்த்து எழுதினர். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் அந்நிபந்தனையும் விலையும் நீக்கப்பட்டன. நம் பக்கத்தார் எவரேனும் கேட்டனரா என்பதைச் சங்கங்கள் நடத்தும் நம்மவர் யோசிப்பாராக. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டமொன்று, விற்ற பொருளுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஒட்டுகள் தருமாறு செய்வோரைப் பணிக்கின்றது. அதன் முக்கியக் கட்டளைகள் 2027 டிசம்பர் 11 முதல் செயற்படும். ஐந்தாண்டு போதுமா என்பது வேறு வழக்கு. தாமாக முன்வந்து செய்யாததைச் சட்டம் வந்து செய்விக்கின்றது.

சட்டம் நம் லயத்திற்கு வந்துசேரும் வரை யாது செய்வது? தோட்டங்களிலும் பட்டணத்துக் கம்பெனிகளிலும் புதிய கணினி வாங்கும்பொழுது பழையவற்றைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்குத் தருமமாகக் கொடுக்கும் வழக்கம் பரவி வருகின்றது. நல்ல வழக்கமே. கொடுப்பவர்க்கு அதன் குறை தெரியும். வாங்கும் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே கொடுக்கு முன் வட்டை முழுதும் துடைத்து, பொறி இடந்தருமாயின் லினக்ஸ் போன்ற விலையில்லாத் தளத்தை ஏற்றித் தருக. இடந்தராத பழம்பொறியாயின், தட்டச்சுப் பழகவும் கணக்குப் போடவும் மட்டும் வைத்து, இணையக் கம்பியையும் அதற்குரிய அட்டையையும் கழற்றிவிட்டே தருக. யாம் எங்கள் ஆபீசிலிருந்து போன மூன்று கணினிகளின் நெற்றியிலும் தமிழில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினோம்: "இதனை இணையத்தில் இணைக்கலாகாது. வங்கிக் கணக்கு எண்ணோ அடையாள அட்டை எண்ணோ இதில் எழுதலாகாது. வெளியார் பென்டிரைவைச் செருகலாகாது. ஏன் என்று கேட்க வேண்டுமாயின் ஆபீசுக்கு வருக." இதுவரை நான்கு பிள்ளைகள் வந்து கேட்டுள்ளனர். அவர்களுள் ஒருத்தி, அப்படியானால் புதிய கணினியில் மட்டும் ஓட்டை இல்லையா என்று வினவினாள். உண்டு, இன்னும் ஒருவரும் காணவில்லை, கண்டால் இப்போதைக்கு அடைத்துத் தருவார்கள் என்று விடையிறுத்தோம். எத்தனை ஆண்டுக்கு என்று அவள் அடுத்துக் கேட்டாள்.